மலத்துல மறைஞ்சிருக்கிற ரத்தம்: டெஸ்ட்டு, கோடு, பில்லு பத்தி எங்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

நாகர்கோவில்ல உக்காந்து அமெரிக்கா கிளினிக் பில்லுக்கு கோடு, அதாவது ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் நோய்க்கும் உள்ள குறியீட்டு நம்பர், போடுறதுதான் என் சோலி, புதுசா சேர்ற பிள்ளைகளுக்கு ட்ரெயினிங் கொடுக்கிறதும் நான்தான். ஒவ்வொரு பேட்ச்லயும் மார்த்தாண்டத்துல இருந்து வர்ற பிள்ளையும் சரி, இடலாக்குடியில இருந்து வர்ற பிள்ளையும் சரி, பெரிய ஆபரேஷனுக்கு எல்லாம் கரெக்டா கோடு போட்டுட்டு இந்த சின்ன மல டெஸ்ட்ல வந்து இடறுவாங்க. இது போதாதுன்னு வீட்டுல சொந்தக்காரங்க வேற, "நீ ஆஸ்பத்திரி கணக்கு பாக்குறவதானே"ன்னு ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்ல தட்டி விடுவாவ. ரெண்டு பக்க கேள்வியையும் இங்க ஒண்ணா போட்டுட்டேன். கோடு, மெடிகேர் (முக்கியமா வயசானவங்களுக்கு அமெரிக்க அரசாங்கம் கொடுக்கிற இன்சூரன்ஸ்)னு வர்றது எல்லாம் அமெரிக்கா விஷயம், நம்ம ஊர் பில்லு கடைசியில இருக்கு. நான் டாக்டர் இல்ல, அதை ஞாபகம் வச்சுக்கிட்டு படிங்க.

அக்கா, கண்ணுக்கே தெரியாத ரத்தத்தை எப்படி கண்டுபிடிக்காங்க?

குடல்ல ஒரு சின்ன கட்டியோ புண்ணோ இருந்து கொஞ்சம் கொஞ்சமா ரத்தம் கசிஞ்சா மலத்தோட நிறம் மாறாது, பாத்தா சாதாரணமாத்தான் இருக்கும். அதைப் பிடிக்க ரெண்டு வழி இருக்கு. பழைய வழி குவாயக், இது ஒரு மரத்துப் பிசின். பிசின் தடவின அட்டையில மலத்தை லேசா பூசி, மேல ஹைட்ரஜன் பெராக்சைடு சொட்டு விட்டா, ரத்தத்துல இருக்கிற ஹீம்ங்கிற இரும்புப் பொருள் அந்த ரியாக்‌ஷனை தூண்டி விடும், அட்டை நீலமாகும். நீலம் வந்தா பாசிட்டிவ், அவ்வளவுதான்.

புது வழி எஃப்ஐடி. இது மனுஷ ஹீமோகுளோபின்ல இருக்கிற குளோபின்ங்கிற புரதத்தை மட்டும் ஆன்டிபாடி வச்சு பிடிக்கும். ஆட்டு ரத்தம், மாட்டு ரத்தம் எல்லாம் இதுக்கு கணக்கே இல்ல.

ரெண்டும் ரத்தம் பாக்குறதுதானே, பில்லுல என்னத்துக்கு பிரிச்சு பிரிச்சு கோடு?

முறை வேற, அதனால கோடு வேற. குவாயக்குன்னா 82270 இல்லன்னா 82272, எஃப்ஐடின்னா 82274 இல்லன்னா ஜி0328. நோயாளியோட சார்ட்ல "அக்கல்ட் பிளட் நெகட்டிவ்"னு, அதாவது மறைஞ்ச ரத்தம் இல்லன்னு, மட்டும் எழுதியிருந்தா எந்த முறைன்னு தெரியாது, லேப் ரிப்போர்ட்டைத் திறந்து பாக்கணும், அதுலயும் இல்லன்னா கிளினிக்குக்கு க்வெரி, அதாவது எழுத்துல ஒரு கேள்வி, போடணும். குத்துமதிப்பா போட்டீங்கன்னா ஆடிட்ல மாட்டுவீங்க.

முறையை விட பெரிய கேள்வி ஒண்ணு இருக்கு, எதுக்காக டெஸ்ட் எடுத்தாங்கங்கிறது. ஒரு தொந்தரவும் இல்லாத ஆளுக்கு வயசை வச்சு சும்மா பாத்ததா (இதுதான் ஸ்கிரீனிங்), இல்ல ரத்தசோகை, வயித்துவலின்னு வந்தவருக்கு பாத்ததா? கோடு, டயக்னோசிஸ் (என்ன நோய், என்ன காரணம்னு சொல்ற கோடு), யாரு காசு கொடுக்கணும், எல்லாமே இந்த ஒரு கேள்வியிலதான் தொங்கிட்டு இருக்கு. நான் கிளாஸ்ல போர்டுல முதல்ல எழுதுறது "எதுக்கு?"ன்னுதான்.

நேத்துதான் வீட்டுல பீஃப் வறுவல், இன்னைக்கு டெஸ்ட் கொடுத்தா தப்பா வருமா?

கேட்டது எங்க மயினி. எஃப்ஐடின்னா ஒண்ணும் ஆகாது, பத்தியமே வேண்டாம், கிழங்கும் மீன்கறியும் தாராளமா தின்னலாம். குவாயக்குன்னா ஆகும். மூணு நாளைக்கு முன்னாடியே ஆட்டுக்கறி, மாட்டுக்கறி நிறுத்தணும், ஏன்னா கறியில இருக்கிற ஹீமும் அட்டையை நீலமாக்கும். முள்ளங்கி, காலிஃப்ளவர் மாதிரி காய்ல ஹீம் மாதிரியே அட்டையை நீலமாக்குற பெராக்சிடேஸ் இருக்கு, அதுவும் பொய் பாசிட்டிவ் காட்டலாம்.

இதுக்கு நேர் எதிர் வைட்டமின் சி. ஒரு நாளைக்கு 250 மில்லிகிராமுக்கு மேல போனா நீலம் வராமலே தடுத்துடும், ரத்தம் இருந்தும் நெகட்டிவ்னு வரும், அதனால சத்து மாத்திரையும் நெல்லிக்காய் ஜூஸும் அந்த மூணு நாளைக்கு வேண்டாம். மூட்டுவலிக்கு போடுற வலி மாத்திரை வயித்துல ரத்தம் கசிய வைக்கும், அதை ஏழு நாள் முன்னாடி நிறுத்தச் சொல்லுவாங்க. ஆனா ஹார்ட்டுக்கு ஆஸ்பிரின் எடுக்கிறவங்க டாக்டர்கிட்ட கேக்காம நிறுத்தவே கூடாது. இரும்பு மாத்திரையால வெளிக்கு கருப்பா போகும், அதைப் பாத்து வெப்ராளப்படாதீங்க, மாத்திரை கருப்பு வேற, ரத்தக் கருப்பு வேற.

மூணு கார்டு கொடுத்தாங்க, பில்லுல மூணு யூனிட் (எண்ணிக்கை) போட்டா என்ன தப்பு?

தப்புதான், நானே பண்ணின தப்பு. வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு கிளினிக்கோட ஒரு மாசத்து குவாயக் கிளெய்ம் (இன்சூரன்ஸுக்கு அனுப்புற பில்லு) பூரா 82270-ஐ மூணு யூனிட்டா அனுப்பி விட்டேன், எல்லாம் டினையல் ஆகி, அதாவது காசு தர மாட்டோம்னு, திரும்பி வந்துச்சு, அந்த ஒரு வாரம் ஓவர்டைம் உக்காந்து ஒவ்வொண்ணா திருத்தினேன். 82270-ன்னாலே மூணு கார்டு, இல்லன்னா மூணு மடிப்பு இருக்கிற ஒரே கார்டு, தொடர்ந்து மூணு தடவை போன மலத்துல வீட்டுல இருந்தே எடுத்தது, எல்லாம் சேர்த்துத்தான் ஒரு யூனிட்.

ஏன் மூணுன்னா, கட்டியோ பாலிப்போ (குடல் உள்சுவர்ல முளைக்கிற சதை) தினமும் ரத்தம் விடாது. இன்னைக்கு விடும், நாளைக்கு சும்மா இருக்கும். ஒரு நாள் மட்டும் பாத்தா அது சும்மா இருக்கிற நாளா போயிடலாம்.

82270, 82272 ரெண்டும் அதே குவாயக்தானே? டிஸ்கிரிப்ஷன் படிச்சும் மண்டையில ஏறல.

கெமிக்கல் ஒண்ணுதான், காரணம்தான் வேற. ஸ்கிரீனிங்குன்னா 82270, ஸ்கிரீனிங் இல்லாத வேற காரணம்னா 82272. பின்னதுல ஒண்ணுல இருந்து மூணு சாம்பிள் வரைக்கும் இருக்கலாம், அப்பவும் ஒரு யூனிட்தான்.

டயக்னோசிஸும் இதோட ஒத்துப் போகணும். 82270-க்கு இசட்12.11, அதாவது பெருங்குடல் கேன்சர் ஸ்கிரீனிங். 82272-க்கு ஆளு என்ன தொந்தரவுன்னு வந்தாரோ அது, கருப்பா போகுதுன்னா கே92.1, ரத்தம் கசிஞ்சு வந்த இரும்புச்சத்து ரத்தசோகைன்னா டி50.0, இந்த மாதிரி. மெடிகேருக்கு எந்தெந்த டயக்னோசிஸ் செல்லும்னு என்சிடி 190.34-ங்கிற அவங்க விதியில பெரிய லிஸ்ட்டே கிடக்கு. 82272 போட்டுட்டு இசட்12.11 வச்சீங்கன்னா நீங்களே உங்க கிளெய்மை எதிர்த்து சாட்சி சொன்ன மாதிரி. வாந்தியில ரத்தம் இருக்கான்னு பாத்தா அது 82271, மலத்தோட சேர்க்கக் கூடாது.

டாக்டர் ரூம்லயே விரல் விட்டு எடுத்த சாம்பிள்னு நோட்ல இருக்கு. ஆளுக்கு ஒரு தொந்தரவும் இல்ல. 82270 போடலாமா?

போட முடியாது. வீட்டுக்கு கார்டு கொடுத்து விட்டாத்தான் 82270. அதே சமயம் 82272-ம் உக்காராது, ஏன்னா தொந்தரவே இல்ல. ரெண்டுங்கெட்டான் கேஸ். பிள்ளைங்க இங்கதான் "ஏதாவது ஒரு அறிகுறியை சேர்த்துடவா அக்கா"ன்னு கேப்பாங்க. கூடவே கூடாது, நோட்ல இல்லாததை நம்ம கையால எழுதினா அது மோசடி. க்வெரி போட்டு டாக்டர்கிட்டயே கேளுங்க.

மருத்துவமாப் பாத்தாலும் இப்படி எடுக்கிறதுல பிரயோஜனம் கம்மி. 2005-ல அமெரிக்கா முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரிகள்ல ஒரு ஆய்வு நடந்துச்சு, முத்தின நிலை கட்டி இருந்தவங்கள்ல இந்த ஒத்த சாம்பிள் பிடிச்சது 4.9 சதவீதம், வீட்டுல எடுத்த ஆறு சாம்பிள் பிடிச்சது 23.9 சதவீதம். கார்டுக்கு ரெண்டு பூச்சு, மூணு கார்டு, அப்படித்தான் ஆறு. அதனால கோடு இல்லையேன்னு வருத்தப்பட ஒண்ணுமில்ல, அந்த முறையை ஸ்கிரீனிங்னு கணக்குல எடுக்கவே கூடாதுன்னுதான் கோடே அப்படி எழுதியிருக்கு.

எஃப்ஐடிக்கு 82274-ஆ, ஜி0328-ஆ?

மெடிகேர் ஆளு, ஸ்கிரீனிங்குன்னா ஜி0328. மெடிகேர் ஆளே அறிகுறியோட வந்தா 82274. மெடிகேர் இல்லாத இன்சூரன்ஸ்னா பெரும்பாலும் ரெண்டுக்கும் 82274-தான், அங்க ஸ்கிரீனிங்கா இல்லையான்னு சொல்றது டயக்னோசிஸ் மட்டும்தான், ஏன்னா அந்த கோடு தன்னால அதைச் சொல்லாது. இசட்12.11-ஐ மறந்தா நோயாளி தலையில பில்லு விழும்.

மலத்துல டிஎன்ஏவும் சேர்த்துப் பாக்குற கோலோகார்டு இதுல எதுலயும் வராது, அது 81528, மெடிகேர் மூணு வருஷத்துக்கு ஒருக்கா கொடுக்கும்.

கியூடபிள்யூ மாடிஃபையர் எதுக்கு வைக்கணும், எதுக்கு வேண்டாம்? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்லுகாவ.

மாடிஃபையர்னா கோடுக்குப் பின்னால ஒட்டுற சின்னக் குறி. சின்ன கிளினிக் லேபுக்கு வெய்வ்டு சர்டிஃபிகேட்னு ஒண்ணு இருக்கும், எளிமையான டெஸ்ட் மட்டும் செய்யலாம்ங்கிற அனுமதி. அந்த லேப்ல செஞ்ச 82274, ஜி0328 ரெண்டுக்கும் கியூடபிள்யூ வேணும். 82270, 82272-க்கு வேண்டாம், குவாயக் அது இல்லாமலே வெய்வ்டுதான். நோட்டுல எழுதி வச்சுக்கோங்க, இதை நான் இன்னும் எத்தனை பேட்ச்சுக்கு சொல்லணுமோ தெரியல.

மெடிகேர்னா 65 வயசுக்கு மேலதானே, அப்புறம் ஏன் 45 வயசுன்னு ரூல்ல இருக்கு?

65-க்கு கீழ இருக்கிறவங்களுக்கும் மெடிகேர் உண்டு, உடல் ஊனத்துக்காக உதவித்தொகை வாங்குறவங்க, கிட்னி செயலிழந்து டயாலிசிஸ்ல இருக்கிறவங்க மாதிரி. முன்னாடி 50 வயசுல இருந்துதான் ஸ்கிரீனிங்குக்கு காசு கொடுத்தாங்க, 2023 ஜனவரி 1-ல இருந்து 45 ஆக்கிட்டாங்க. 2021-லயே அமெரிக்க தடுப்பு மருத்துவக் குழு 45-ல ஆரம்பிக்கணும்னு சொல்லிடுச்சு, அதுக்குப் பின்னால வந்த மாற்றம் இது. பழைய நோட்ஸ் வச்சுப் படிக்கிறவங்க கவனிங்க.

வருஷம் ஒருக்கான்னா 365 நாள் எண்ணணுமா?

நாள் எண்ண வேண்டாம், மாசம் எண்ணுங்க. போன டெஸ்ட் நடந்த மாசத்தை விட்டுட்டு அடுத்த மாசத்துல இருந்து முழுசா பதினொரு மாசம் கழியணும். 2024 மார்ச் 20-ல எடுத்தவருக்கு ஏப்ரல்ல இருந்து எண்ணினா பிப்ரவரியோட பதினொண்ணு முடியுது, 2025 மார்ச் 1-ஆம் தேதியே எடுக்கலாம். இன்னொண்ணு, குவாயக் ஒருக்கா எஃப்ஐடி ஒருக்கான்னு ஒரே வருஷத்துல ரெண்டுக்கும் ஸ்கிரீனிங் காசு வராது, ஏதாவது ஒண்ணுதான்.

இந்தக் கணக்கு ஸ்கிரீனிங்குக்கு மட்டும். நடுவுல ஆளுக்கு ரத்தசோகை வந்து 82272 எடுத்தா அது தனி.

கார்டை வாங்கிட்டுப் போனவரு திரும்பி வரவே இல்ல. கொடுத்ததுக்காவது பில் போடலாமா?

போடக் கூடாது. டெஸ்ட் நடக்கலையே, எதுக்கு காசு? வெறும் கார்டை கையில கொடுத்ததுக்கு கோடு கிடையாது. திரும்பி வந்தா எந்தத் தேதி போடணும்னு அடுத்த கேள்வி வரும். கொடுத்த தேதியும் இல்ல, லேப்ல சொட்டு விட்ட தேதியும் இல்ல, சாம்பிள் எடுத்த தேதி. மூணு நாளா எடுத்திருந்தா எடுத்து முடிச்ச கடைசி நாள். அதனாலதான் கார்டு மேல தேதி எழுதச் சொல்றது, பாதிப் பேரு எழுதவே மாட்டாங்க, அங்கதான் எடங்கேறு.

ஸ்கிரீனிங்ல பாசிட்டிவ் வந்துட்டு. இப்போ 82270-ஐ 82272 ஆக்கணுமா?

ஆக்க வேண்டாம். எதுக்கு எடுத்தாங்கங்கிறது ரிசல்ட் வந்த பிறகு மாறாது. இசட்12.11 முதல்ல அப்படியே இருக்கும், கண்டுபிடிச்சதை ரெண்டாவதா ஆர்19.5-னு (மலத்துல மாற்றம்) சேர்த்துக்கலாம். கல்யாணத்துக்குப் போன இடத்துல காய்ச்சல் வந்துச்சுன்னா, ஆஸ்பத்திரிக்குப் போனேன்னா சொல்லுவோம்?

பாசிட்டிவ்னா கேன்சரா? எங்கப்பாக்கு வந்திருக்கு, அவருக்கு மூலம் உண்டு, அதனாலதான்னு சொல்லுகாரு.

இந்த மெசேஜ் ராத்திரி பதினொரு மணிக்கு வந்துச்சு, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். பாசிட்டிவ் வந்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு கேன்சர் இருக்காது. மூலம், ஆசனவாய் வெடிப்பு, வயித்துப்புண், வலி மாத்திரை, சாதாரண பாலிப்னு எத்தனையோ காரணம். நம்ம மாவட்டத்துல ரப்பர் தோட்டம், வயல்னு செருப்பில்லாம நடக்கிறவங்களுக்கு கொக்கிப்புழுவும் ஒரு காரணமா இருக்கலாம், அது குடல்ல கவ்விக்கிட்டு ரத்தம் குடிக்கும், ரத்தசோகையும் கொடுக்கும்.

ஆனா "மூலம்தான்"னு நம்மளே முடிவு பண்றது மட்டும் வேண்டாம். மூலம் இருக்கிற ஆளுக்கு குடல்ல கட்டி வராதுன்னு யாரும் எழுதிக் கொடுக்கல. பாசிட்டிவ் வந்தா அடுத்தது கொலோனோஸ்கோப்பி, அதாவது குழாயில கேமரா விட்டுப் பெருங்குடலைப் பாக்குறது, அதை ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ்ல பாக்குறதா வெளியில பாக்குறதாங்கிறது உங்க வசதி. இன்னொருக்கா அதே டெஸ்ட் எடுத்து நெகட்டிவ் வந்துட்டா முதல் பாசிட்டிவ் அழிஞ்சிடும்னு நினைக்காதீங்க, மேல சொன்னேன்ல, கட்டி தினமும் ரத்தம் விடாது. ரெண்டாவது தடவை விடாத நாளா இருந்திருக்கலாம். மூலத்துல இருந்து சிவப்பா ரத்தம் போற சமயமும், பெண்களுக்கு மாதவிலக்கு சமயமும் சாம்பிளே எடுக்கக் கூடாது, அது நின்னு ரெண்டு மூணு நாள் கழிச்சு எடுக்கணும்.

எஃப்ஐடி நெகட்டிவ், ஆனா ஹீமோகுளோபின் இறங்கிட்டே இருக்கு. நெகட்டிவ்தானே, விட்டுடலாமா?

விடாதீங்க. எஃப்ஐடி பெருங்குடல் ரத்தத்தைப் பிடிக்கத்தான் நல்லது, இரைப்பையில கசிஞ்ச ரத்தத்தோட குளோபின் கீழ வர்றதுக்குள்ள செரிச்சுப் போயிடும், டெஸ்ட்ல தெரியாது. சாம்பிள் வெயில்ல கிடந்தாலும் ஹீமோகுளோபின் கெட்டுப்போய் பொய் நெகட்டிவ் வரலாம், ஏப்ரல் மே மாசத்துல ஸ்கூட்டி டிக்கியில வச்சுக்கிட்டு குளச்சல்ல இருந்து வடசேரி வரைக்கும் ஊர் சுத்திட்டு லேப்ல கொடுக்காதீங்க. ஸ்கிரீனிங் டெஸ்ட் தொந்தரவு இல்லாதவங்களுக்கு. தொந்தரவு இருந்தா இந்த நெகட்டிவை கையில வச்சுக்கிட்டு சமாதானம் ஆக முடியாது.

அப்படின்னா இந்த டெஸ்ட் எதுக்குத்தான் உதவும்?

வருஷா வருஷம் செஞ்சா உதவும். மின்னசோட்டாவுல 46,000-க்கும் மேல ஆட்களை வச்சு நடந்த ஆய்வு 1993-ல வந்துச்சு, வருஷம் ஒருக்கா குவாயக் செஞ்ச குழுவுல பெருங்குடல் கேன்சர் சாவு 33 சதவீதம் குறைஞ்சிருந்தது. பாசிட்டிவ் வந்தவங்களை விடாம கொலோனோஸ்கோப்பிக்கு அனுப்பினாங்க, அதையும் சேர்த்துத்தான் அந்த 33.

பாசிட்டிவுக்கு அப்புறம் பண்ற கொலோனோஸ்கோப்பி ஸ்கிரீனிங்கா, டயக்னாஸ்டிக்கா? டீம் லீடர்கிட்ட சண்டையே போட்டேன்.

முன்னாடி கேட்டிருந்தா டயக்னாஸ்டிக், அதாவது ஒரு காரணத்தை வச்சு நோயைத் தேடுறதுன்னு சொல்லியிருப்பேன், நோயாளி கையில இருந்து காசு போகும், அதுக்குப் பயந்தே நிறையப் பேரு போகாம இருந்தாங்க. 2023-ல இருந்து மெடிகேர் இதை மாத்திடுச்சு, மலத்துல பாசிட்டிவ் வந்து அதைத் தொடர்ந்து செய்ற கொலோனோஸ்கோப்பியும் ஸ்கிரீனிங்தான், கேஎக்ஸ் மாடிஃபையர் வைக்கணும், எத்தனை வருஷத்துக்கு ஒருக்காங்கிற கட்டுப்பாடும் இதுக்கு இல்ல. பாலிப் எடுத்தா பிடி மாடிஃபையரும் சேரும். தனியார் பிளான்ல 2022 மே 31-லயோ அதுக்கு அப்புறமோ ஆரம்பிச்ச பிளான் வருஷத்துல இருந்து நோயாளிகிட்ட காசு வாங்கக் கூடாது, அங்க 33 மாடிஃபையர்.

சண்டையில யாரு ஜெயிச்சீங்கன்னு கேக்கல, கிளெய்ம்ல இருக்கிற தேதியைப் பாருங்க, அதுதான் தீர்ப்பு.

நம்ம ஊர்ல இந்த டெஸ்ட் எடுத்தா எந்தக் கணக்குல வரும், இன்சூரன்ஸ் கொடுக்குமா?

இங்க லேப் பில்லுல "ஸ்டூல் அக்கல்ட் பிளட்"னு ஒரு வரி இருக்கும், கோடு கீடு கிடையாது. எந்த முறைன்னு முதல்லயே கேளுங்க, பத்தியம் இருக்கணுமா இல்லையான்னு அதுலதான் தெரியும். லேப் டெஸ்ட்டுக்கு ஜிஎஸ்டி இல்ல, போட்டிருந்தா கேளுங்க. அரசாங்கத் திட்டத்துல வாய், மார்பகம், கருப்பைவாய் மூணு கேன்சருக்குத்தான் ஸ்கிரீனிங், பெருங்குடலுக்கு நம்மளாத்தான் போய்ப் பாக்கணும்.

பழைய வரி முறையில இருக்கிறவங்க முன்கூட்டியே பாக்குற பரிசோதனைன்னு வருமான வரிக் கழிவுல (1961 சட்டத்துல 80டி பிரிவு) 5,000 ரூபாய் வரைக்கும் காட்டலாம், ரொக்கமா கட்டினாலும் செல்லும், ரசீதை மட்டும் தொலைச்சிடாதீங்க. இன்சூரன்ஸ்தான் சிக்கல். சாதாரண பாலிசியில வெளிநோயாளியா எடுக்கிற டெஸ்ட்டுக்கு காசு வராது. "அப்போ ஒரு நாள் அட்மிட் ஆகி கொலோனோஸ்கோப்பி பண்ணிடவா"ன்னு எங்க மாமா கேட்டாரு, அதுவும் நடக்காது, வெறும் பரிசோதனைக்காக அட்மிட் ஆகுறதை எக்ஸ்க்ளூஷன் 04-னு பாலிசியிலயே தள்ளி வச்சிருப்பாங்க. ஆனா அதுல நோய் தெரிஞ்சு, அதுக்கு சிகிச்சைன்னு அட்மிட் ஆனா, அட்மிட் ஆகுறதுக்கு முந்தின 30 நாளோ 60 நாளோ, பாலிசியைப் பொறுத்து, அந்த நோய்க்காக எடுத்த டெஸ்ட் பில்லைச் சேர்த்துக் கேக்கலாம். அதுக்கு டாக்டர் சீட்டு வேணும், அதுல எதுக்கு எடுக்கச் சொன்னாருன்னு ஒரு வரி இருக்கணும். மாமாகிட்ட பில்லு இருந்துச்சு, சீட்டைத்தான் மருந்துக் கடையிலயே விட்டுட்டு வந்துட்டாரு.